நிழலில் காய்த்த கத்தரி

பேராசிரியர் அங்கமுத்துவுக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. தாவரவியல் துறையிலேயே தலை நரைத்தவர். ஆனால் எந்த ஆய்விதழிலும் அவர் பேர் அச்சாகி வந்ததில்லை, பாவம். ஒரு கட்டுரையாவது வந்துவிட்டால் வழியனுப்பு விழாவில் மாலை விழும்போது நிமிர்ந்து நிற்கலாமே என்று மனுஷனுக்கு ஆசை. நிழலிலும் கத்தரி காய்க்கும் என்று ஒன்றை எழுதினார். அதற்கு மேற்கோள்களைத் தேடிச் சேர்த்தவர்கள் அவருடைய ஆய்வு மாணவர்கள் சூசைமாணிக்கமும் வெள்ளைச்சாமியும். அப்புறம் கேட்கவா வேண்டும்!

இதழாசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். மேற்கோளும் மூலநூலும் ஒத்துப்போகவில்லையாம், ஒத்துப்போகும்படி திருத்தி அனுப்ப வேண்டுமாம்.

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள். ரெண்டில் எதைத் திருத்துவது என்று அவர் சொல்லவே இல்லையே.

"ஐயா, நம்ம கட்டுரை போன மாசம்தான் அடிச்சது. அந்தப் புத்தகம் அரதப்பழசு," என்றான் சூசைமாணிக்கம். "புதுசை யாராவது ரிப்பேர் பண்ணுவாங்களா?"

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மூளை தன் கையில் வளர்ந்திருக்கிறதே!

நேரே கல்லூரி நூலகத்துக்குப் போனார்கள். புத்தகத்தில் ஆண்டு மாறியிருந்தது, பேனாவால் சரிசெய்தார்கள். பக்கமும் மாறியிருந்தது, அதை பிளேடால் அறுத்து, கட்டுரையில் சொன்ன இடத்தில் கோந்து போட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கத்திலோ நிழலில் கருகிச் செத்த கத்தரிச் செடியின் படம். அதன்மேல் விதைப் பாக்கெட்டிலிருந்து கொழுகொழுவென்று நாலு காயைக் கத்தரித்து ஒட்டினான் வெள்ளைச்சாமி. இப்போது எல்லாம் ஒத்துப்போகிறது என்று பேராசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இதழாசிரியர் போனில் வந்தார். தங்கள் நூலகத்துப் பிரதியில் செடி செத்துத்தான் கிடக்கிறது என்றார். பேராசிரியருக்கு இதழாசிரியர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"அப்ப உங்க புத்தகத்துலதான் தப்பு இருக்குங்க. கவலைப்படாதீங்க, நாங்களே வந்து சரிபண்ணித் தர்றோம்."

நாடு பூரா எத்தனை நூலகத்தில் அந்தப் புத்தகம் தப்பும் தவறுமாகக் கிடக்கிறதோ! மாதக் கடைசிக்குள் ஆகிற காரியமா? பணி நீட்டிப்பு கேட்டு உடனே விண்ணப்பம் எழுதினார். சரியான பிரதி நம் கல்லூரியில் மட்டுமே உள்ளது என்று சொல்லி, ஆதாரத்துக்குப் பக்க எண்ணையும் குறித்தார்.

சூசைமாணிக்கம் நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, முகம் தொங்கத் திரும்பிவந்தான். விண்ணப்பத்தில் குறித்த பக்கத்தில் இருந்தது வெங்காயம்.

பேராசிரியர் விண்ணப்பத்தைத் தொட்டுப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை.

"இது புதுசுப்பா," என்றார்.

வெள்ளைச்சாமி பிளேடை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.