மைனா கேட்காத பெயர்

எனக்கு முதலில் துரோகம் செய்தவள் சிங்காரி என்ற மைனா. இரண்டாவது, தவளை. யானையை மூன்றாவதாகச் சேர்க்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் தாமரைக் குளத்து எருமைக்கடா. காலையில் குளத்தில் இறங்கினால் வெயில் தாழும்வரை அசைபோட்டுக்கொண்டு நிற்பேன். என் மேல் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதுதான் சிங்காரியின் பிழைப்பு. அவளுக்குப் பசி தீரும். எனக்கு அரிப்பு தீரும். நடுமுதுகில் என் வால் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. அதற்கு அவள் அலகுதான் மருந்து.

சுற்றுலா வந்தவர்கள் தவறவிட்ட செல்போன்கள் எங்கள் காட்டில் ஏராளம். சிங்காரி ஒன்றைக் கண்டெடுத்தாள். கொடியால் என் கொம்பில் கட்டினாள். உண்ணியை ருசி பார்த்து மதிப்பெண் போடும் சேனல் ஒன்றை ஆரம்பித்துவிட்டாள்!

“வணக்கம் உறவுகளே! இன்றைக்கு வலது காது உண்ணி! மொறுமொறு என்று இருக்கிறது! பத்துக்கு ஒன்பது!”

“காதுக்குள் கத்தாதே!” என்பேன்.

“மாமா, தலையை ஆட்டாதீர்கள்! படம் கலங்குகிறது!” என்பாள்.

மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தலையை ஆட்டாமல் மூன்று வருடம் நின்றேன்.

ஒருநாள் சாயங்காலம் மயில் வந்தது. ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர் சேர்ந்தவர்களுக்குத் தன் தோகையிலிருந்து ஒரு பீலியைப் பரிசாகத் தருவது மயிலின் வழக்கம். பொழுது சாய்ந்தால் அது அடுத்த காட்டுக்குப் போய்விடும்.

எண்ணிக்கை வாசிப்பது தவளையின் வேலை. “தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது!” என்று வாசித்து முடிப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது.

“ஐயோ, ஒன்று குறைகிறதே! காட்டில் இன்னும் அழுத்தாதவர் யார்?” என்று சிங்காரி துடித்தாள்.

தவளை என்னைப் பார்த்தது.

“மாமா! நீங்களா?”

“எனக்கு எழுத்தும் தெரியாது, விரலும் கிடையாது.”

“மூக்கால் அழுத்துங்கள்! அந்தச் சிவப்புப் பட்டன்!” என்று கொடியைத் தளர்த்திப் போனை என் மூக்குக்கு நேரே தொங்கவிட்டாள்.

“அழுத்தினால் எனக்கு என்ன?”

“முதல் நன்றி உங்களுக்குத்தான்! காடே கேட்கும்படி உங்கள் பெயரைச் சொல்கிறேன்!”

என் அம்மா எனக்கு ஒரு பெயர் வைத்தாள். அவள் போன பிறகு அதைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது. மூக்கால் அழுத்தினேன்.

“ஒரு லட்சம்!” என்று தவளை துள்ளியது.

அடுத்த நொடியே சிங்காரி என் கொம்பிலிருந்து போனை அவிழ்த்தாள்.

“எங்கே போகிறாய்?”

“லட்சம் பேர் பார்க்கிறார்கள் மாமா! இனிமேலும் எருமை முதுகா? யானை முதுகுதான் எடுப்பாக இருக்கும்!”

யானை அப்போதுதான் குளித்துக் கரையேறியிருந்தது. குளித்ததும் யானை என்ன செய்யும் என்று காட்டில் குட்டிகளுக்குக்கூடத் தெரியும். சிங்காரிக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக அவள் தன் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லையே!

போனைத் தந்தத்தில் கட்டிவிட்டு யானைமேல் ஏறி நேரலையில் பேசினாள். குரங்குகளுக்கு நன்றி சொன்னாள். மான்களுக்குச் சொன்னாள். சாணி வண்டுக்குக்கூடச் சொன்னாள்!

“கடைசியாக, என்னை மூன்று வருடம் சுமந்தவர்...”

நான் காதை நிமிர்த்தினேன். முதல் நன்றி கடைசிக்குப் போயிருந்தது. சரி, போகட்டும்.

“அவர் பெயர்... அவர் பெயர்...”

தவளை பக்கம் குனிந்தாள்.

“தவளை, மாமா பெயர் என்ன?” என்று கிசுகிசுத்தாள்.

“எருமைதானே?” என்றது தவளை. நேரலையில் அத்தனை பேரும் கேட்டார்கள்!

பத்தடி தூரத்தில்தான் நின்றேன். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து யானை வழக்கம்போல் ஒரு தும்பிக்கை மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டது. மண்ணுக்குள்ளிருந்து சிங்காரியின் வால் மட்டும் தெரிந்தது!

தவளை கமெண்ட்டுகளை வாசித்தது. “‘எருமை எங்கே?’ ‘அந்தக் காது ஆடுமே, அதைக் காட்டு!’ ‘எருமை அசைபோடும் சத்தம் கேட்டால்தான் எங்கள் குட்டி தூங்கும்! அது இல்லையென்றால் இந்த சேனல் எதற்கு?’”

ஆட்கள் கழன்றுகொண்டார்கள். எண்ணிக்கை எண்பதாயிரத்துக்கு இறங்கியது. மயில் தோகையை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

மறுநாள் காலையில் சிங்காரி வந்தாள். இறக்கையில் மண் காய்ந்திருந்தது.

“மாமா, நடுமுதுகில் நிறைய உண்ணி சேர்ந்திருக்குமே...”

“சேர்ந்திருக்கிறது. உட்கார்,” என்றேன். கோபம் வேறு, அரிப்பு வேறு.

அவள் போனைக் கொம்பில் கட்டினாள். தொண்டையைச் செருமினாள். இப்போதாவது கேட்பாள் என்று அசைபோடுவதை நிறுத்தினேன்.

“வணக்கம் உறவுகளே! இன்றைக்கு மாமாவின் நடுமுதுகு!”

மறுபடியும் மாமா!

இன்று மாலை மயில் திரும்பவும் இந்தப் பக்கம் வந்தது. எண்ணிக்கை மறுபடி ஏறிவிட்டதாம். என் பெயர்தான் இன்னும் வரவில்லை. உங்களிடமும் அதைச் சொல்லமாட்டேன். அவள் கேட்கட்டும், அப்போது சொல்கிறேன்.

லட்சம் பேருக்குத் தன் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், தன்னைச் சுமக்கிற ஒருவரின் பெயரை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.