சிவந்த உமரி தின்ற துடியன்

"குதி மாப்ளே, குதி! இன்னும் ஒரே ஒரு குதி!" என்றது நரி.

துடியன் குதித்தான். முழங்காலில் இருந்த சேறு வயிற்றுக்கு ஏறியது.

துடியன் ஒரு இளம் வெளிமான். கொம்பு இப்போதுதான் விரலளவு முளைத்திருந்தது. ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. மேயும்போதும் கால் ஆடும், தூங்கும்போதும் கால் ஆடும். அந்த நாலு காலும் இப்போது கடற்கழிச் சேற்றுக்குள் மாட்டிக்கொண்டன. கரையில் நரி வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிட்டே போக அதற்குப் பயம். துள்ளுகிறவன் தலையால் ஒரு முட்டு முட்டினால் பல் போய்விடும். அதனால் அவன் களைத்துப் போகட்டும் என்று காத்திருந்தது.

எல்லாம் காலையில் தின்ற உமரிச் செடியால் வந்த வினை.

காட்டில் புல் காய்ந்துவிட்டது. துடியனின் மான்கூட்டம் மேய்ச்சல் தேடி வந்தது. கழியோரம் உமரிக் குடும்பம் மட்டும்தான் செழிப்பாக இருந்தது. உப்பு மண்ணிலேயே முளைத்து, உப்புத் தண்ணீரையே குடித்து, குண்டு குண்டாய் இலை விடுகிற குடும்பம். பூவும் உண்டு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கருவுமரி, சிற்றுமரி, நரியுமரி என்று அதில் பல வகை. துடியன் வாயை வைக்கப் போனான். வளையிலிருந்து கொடுக்கன் என்ற நண்டு எட்டிப் பார்த்தது.

"டேய்! பச்சை நுனியை மட்டும் கடி. சிவந்ததைத் தொடாதே. வேண்டாத உப்பையெல்லாம் செடி அங்கேதான் ஒதுக்கி வைக்கும். அப்புறம் உதிர்த்துவிடும்."

"நுனி நுனியாய்க் கடித்தால் எப்போ வயிறு நிறையும்?" என்றான் துடியன்.

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. "சிவந்தால் பழுத்துவிட்டது என்று அர்த்தம் மாப்ளே! இலந்தை சிவக்கிறதில்லையா? பேரே நரியுமரி. எங்கள் வீட்டுச் செடி. எனக்குத் தெரியாததா?"

"உன் வீட்டுச் செடியென்றால் நீ ஒரு வாய் தின்னேன்!" என்றது கொடுக்கன்.

"இன்றைக்கு நான் விரதம்" என்றது நரி.

துடியன் சிவப்பாய்ப் பார்த்து வயிறு முட்டத் தின்றான். கொஞ்ச நேரத்தில் தொண்டை எரிந்தது. நாக்கு வெளியே தள்ளியது.

"அண்ணே, தண்ணி!"

"அதோ மின்னுது பார், நல்ல தண்ணி! நேரா ஓடு!" என்றது நரி.

ஓடினான். மின்னியது தண்ணீர் இல்லை, சேற்றின்மேல் படிந்த உப்பு. ஓரத்தில் ஒரு உமரிப் புதர் தவிர எதுவும் முளைக்காத மொட்டை இடம். நாலே பாய்ச்சலில் புதைந்தான். அவ்வளவுதான்.

இப்போது கொடுக்கன் சேற்றின்மேல் ஓடிவந்து அவன் மூக்குக்கு நேரே நின்றது. "காலை ஆட்டாதே! ஆட்ட ஆட்ட உள்ளே இழுக்கும். இப்போ கடலேற்றம் வரும். தண்ணீர் உள்ளே ஊறினால் சேறு இளகும். அப்போ ஒவ்வொரு காலாய் எடுத்து அந்த உமரிப் புதர்மேல் வை. வேர் பிடித்த மண் கெட்டி."

"அதுவரைக்கும்?"

"சும்மா இரு."

"என்னால் முடியாது!"

"முடியாவிட்டால் செத்துப் போ. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்."

நரி எழுந்தது. "நேராய் நடக்கத் தெரியாதவன் பேச்சைக் கேட்கிறாயா? உன் கூட்டம் அதோ கிளம்பிவிட்டது! குதி!"

துடியனின் தொடை துடித்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. தொண்டை எரிந்தது. கூட்டம் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்தான்.

சலசலவென்று தண்ணீர் வந்தது. முதலில் கரையில் நரி நின்ற பள்ளம் நிறைந்தது. நரி அலறிக்கொண்டு தூரத்து மணல்மேட்டுக்கு ஓடியது. துடியனின் காலைச் சுற்றி ஏதோ குளிர்ந்தது. சேறு இளகியது. ஒரு காலை எடுத்து உமரிப் புதர்மேல் வைத்தான். மண் தாங்கியது. அடுத்த கால்.

"அப்படியே குதி மாப்ளே! ஒரே தாண்டு! இல்லாவிட்டால் முழுகிப்போவாய்!" என்று நரி மேட்டிலிருந்து தொண்டை கிழியக் கத்தியது.

துடியன் மூன்றாவது காலை மெல்ல உருவினான். குதிக்கவில்லை.

நம் அவசரத்தை வைத்தே நம்மைப் பிடிக்க ஒருத்தன் காத்திருப்பான். அவன் குதி என்று சொல்கிற நேரத்தில் குதிக்கவே கூடாது.