பித்தளை தின்னும் எண்ணெய்

கூழையூரில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இருந்தார்கள். மூத்தவர் சடையப்பன் யோசனை சொல்வார். அடுத்தவர் குழந்தைவேலு "அதுதான் சரி" என்பார். மூன்றாமவர் வீரபத்திரனுக்குச் சந்தேகம் கேட்கிற வேலை. கடைசித் தம்பி பூவராகன் கல்யாணத்துக்குக் காத்திருந்தான். நால்வருக்கும் பொதுவாக அப்பா விட்டுப்போனது ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் கொஞ்சம் மூளையும். மோட்டார் சைக்கிளைத்தான் அடிக்கடி வெளியே எடுப்பார்கள்.

ஆறு கிலோமீட்டர் தள்ளி மேலக்கரையில் அங்கயற்கண்ணி என்று ஒரு பெண். அவளைப் பார்த்த நாளிலிருந்து பூவராகன் காப்பியில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தான், அது உப்பு என்று தெரியாமலே. அவளுடைய அப்பா நடேசனார்தான் அந்த மோட்டார் சைக்கிளை இவர்கள் அப்பாவுக்கு விற்றவர். அவர் சொல்லியனுப்பினார்:

"வர்ற வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மாப்பிள்ளை என் பழைய வண்டி மேல உக்காந்து, நடுவுல எங்கயும் இறங்காம, என் வாசலுக்கு வரணும். வண்டியை ஒழுங்கா வெச்சிருந்தா பொண்ணு. இல்லாட்டி வேற இடம் பாத்துக்கிறேன்."

அந்தத் திங்கட்கிழமை பார்த்து கியர் பாக்ஸ் ஓலமிட ஆரம்பித்தது. மெக்கானிக் யூசுப் பாயிடம் கொண்டுபோனார்கள். பாய் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பி, பையும் கையுமாக நின்றிருந்தார்.

"பழைய வண்டி. இஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு வேற ஆயில். பழசை வடிச்சுட்டுத் தொண்ணூறாம் நம்பர் ஊத்துங்க. ஆனா உள்ள புஷ்னு ஒரு பித்தளை வளையம் இருக்கு. சில ஆயில் பித்தளையை அரிச்சுத் தின்னுடும். தின்னாததா பாத்து வாங்குங்க. நான் சனிக்கிழமைதான் வருவேன்."

சகோதரர்கள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பழைய எண்ணெயை வடித்தார்கள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனார்கள். சட்டை வாங்கும்போது பிள்ளையைக் கூட்டிப்போவதில்லையா, அந்த மாதிரி.

கடைக்காரரிடம் தொண்ணூறு இல்லை. நாற்பதும் ஐம்பதும்தான் இருந்தன.

"ரெண்டையும் குடுங்க. கூட்டிக்கிறோம்" என்றார் சடையப்பன்.

"அதுதான் சரி" என்றார் குழந்தைவேலு.

"அண்ணே, கூட்டறப்போ தவறிப்போய் நூறாயிட்டா?"

"மெதுவா ஊத்தினா ஆகாது, வீரபத்திரா."

அடுத்து, இது பித்தளையைத் தின்னுமா என்று கேட்டார்கள். கடைக்காரருக்கு அன்று கூட்டம். "வெச்சுப் பாத்தாத்தாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒரே தகரத்தில் ஊற்றி, பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளரை வைத்து, நால்வரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். செவ்வாய் முழுக்கப் பார்த்தும் எண்ணெய் அசையவில்லை.

"நாம எல்லாரும் வாயையே பாத்துட்டிருந்தா யாருதான் சாப்பிடுவா?" என்றார் சடையப்பன்.

ஆகவே அறையைப் பூட்டி, கதவில் காது வைத்துக் கேட்டார்கள். புதன்கிழமையும் சத்தமில்லை. வியாழக்கிழமை, ஒருவேளை தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாததுதான் குறையோ என்று, கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் வைத்துவிட்டு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தால் டம்ளரைக் காணோம். ஊறுகாயையும் காணோம்.

பூவராகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "முழுசா தின்னுடுச்சே அண்ணே! ஒரு டம்ளரையே விடல, புஷ்ஷை விடுமா? எனக்கு அங்கயற்கண்ணி இல்லையா?" என்று அழுதான். பார்க்கவே பாவமாக இருந்தது.

சடையப்பன் மனைவி கோமளம், அடுக்களைப் பக்கக் கதவு வழியாக வந்து, "முதல்ல காப்பியைக் குடிங்க" என்று காணாமல்போன அந்த டம்ளரிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அழுதுகொண்டே குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி டம்ளருக்காக அழுதான்.

"எண்ணெய் இல்லாம வண்டியை ஓட்டக்கூடாது" என்றார் சடையப்பன். "ஆனா அவர் ஓட்டிக்கிட்டு வரச் சொல்லலையே. மேல உக்காந்து வரத்தானே சொன்னாரு?"

"அதுதான் சரி!"

கூழையூர்த் திருவிழாவில் சாமியைத் தூக்குகிற எட்டுப் பேர் மூங்கில்களோடு வந்தார்கள். வண்டியைக் கட்டித் தூக்கினார்கள். பூவராகன் ஹெல்மெட் மாட்டி மேலே உட்கார்ந்தான். வீட்டில் விட்டால் குத்துவிளக்கைத் தின்றுவிடும் என்று எண்ணெய்த் தகரத்தையும் சங்கிலி போட்டு வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வழியில் ஒரு வீட்டில் கற்பூரம் காட்டினார்கள். பூவராகன் திருப்பங்களில் கைகாட்டினான், மேட்டில் கியரைக் குறைத்தான், மாட்டுக்கு ஹாரன் அடித்தான்.

பத்து இருபதுக்கு வண்டி மேலக்கரை வாசலில் இறங்கியது. நடேசனார் குனிந்து கியர் பாக்ஸைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"ஆறு கிலோமீட்டர் வந்தும் சில்லுனு இருக்கே! என்கிட்ட இருந்தப்போ அடுப்பு மாதிரி கொதிக்கும். என்ன ஆயில் ஊத்தறீங்க மாப்பிள்ளை?"

பூவராகனுக்குப் பொய் சொல்ல வராது. "எதுவும் ஊத்தலீங்க மாமா."

"அதானே! நான் வருஷா வருஷம் ஊத்தி ஊத்தியே கெடுத்திருக்கேன்!"

பத்து இருபத்தெட்டுக்குத் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். பூவராகன் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கழன்று விழுந்தது. அங்கயற்கண்ணி பித்தளை டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள்.

"கிட்ட கொண்டு வராதம்மா!" என்று சடையப்பன் அலறினார். தகரத்தைக் காட்டி நடந்ததையெல்லாம் சொன்னார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எவர்சில்வர் டம்ளர்ல கொண்டு வரட்டுமா?"

என்ன புத்திசாலிப் பெண் என்று பூவராகன் பூரித்துப்போனான். வீரபத்திரன் மட்டும் தாடையைச் சொறிந்தார்.

"எவர்சில்வரைத் தின்னாதுன்னு யாரு சொன்னா?"

கடைசியில் நடேசனாரே எழுந்தார். "வெச்சுப் பாத்துடுவோம்" என்று தகரத்தையும் ஓர் எவர்சில்வர் டம்ளரையும் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். சம்பந்திகள் ஐந்து பேரும் வரிசையாகக் கதவில் காதை வைத்து மூச்சுவிடாமல் நின்றார்கள்.

வாசலில் சுமந்து வந்த எட்டுப் பேருக்கும் காப்பி கொடுக்க வேண்டும். ஒரு டம்ளர் குறைந்தது. அங்கயற்கண்ணி அதைத் தேடிக்கொண்டு, பின்பக்கக் கதவு வழியாக உள்ளறைக்குப் போனாள்.