ஏசி நின்ற நேர்காணல்

ஆய்வு உதவித்தொகைக்குப் பொற்கொடி வந்த மூன்றாவது நேர்காணல் இது. இதுவும் கைவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். காலையிலிருந்து வராந்தாவில் காத்திருந்து களைத்திருந்தாள்.

குழுத் தலைவர் மே மாதத்திலும் கோட்டு போட்டிருந்தார். "தகரக் கூரை வீட்டுச் சூட்டை ஆராய ரெண்டு வருஷமா? அந்த ஜனங்களுக்கு அதெல்லாம் பழகிப்போயிருக்கும்மா. இல்லேன்னு அஞ்சு நிமிஷத்துல நிரூபி, பார்ப்போம்."

"சரிங்க சார்."

எழுந்துபோய் ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறை அது. சற்று நேரத்தில் தலைவர் டையைத் தளர்த்தினார். பிறகு கோட்டையும் கழற்றினார்.

"என்னம்மா இது? ஏசியைப் போடு!"

"அஞ்சு நிமிஷம் இன்னும் ஆகலை சார். பழகிடும்."

மற்ற உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் அவளுடைய விண்ணப்பத்தாலேயே விசிறிக்கொண்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"ரெண்டு வருஷம் போதுமாம்மா?"