தீர்த்தம் குடிக்காத நாச்சி

மலையடிவாரத்து மாந்தோப்பில் உலகம்மை அம்மாள் என்று ஒரு துறவி இருந்தார். வலையில் சிக்கியும் வெட்டுப்பட்டும் கிடக்கிற பாம்புகளை ஊர்க்காரர்கள் அவரிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். புண் ஆறியதும் அம்மாள் அவற்றைக் காட்டில் விட்டுவிடுவார். நாச்சி என்கிற சாரையை மட்டும் விட முடியவில்லை. வலைக் கயிறு அறுத்து அதற்கு ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரு கண்ணை நம்பி அதை வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கம்பிவலை போட்ட பெரிய அறையில் அது வளர்ந்தது.

அந்தத் தோப்புக்குச் சீடராக வந்து சேர்ந்தார் நம்பிராஜன். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். பெருமாள் கோயிலில் இருபது வருஷம் தீர்த்தம் கலந்து கொடுத்த கை. அவருடைய ஒரே மகள் விஷக் காய்ச்சலில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனி இல்லை என்று எல்லாரும் கைவிட்ட பிறகு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அத்தனை நாளும் பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த ஒரு பெண்தான் அவளுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டி, நனைந்த துணியை மாற்றிப் போட்டாளாம். வந்த அன்றே இதை அம்மாளிடம் சொன்னார்.

"மனசு நிறைஞ்சு வழியுதும்மா," என்றார். "கடவுளுக்கு நன்றி சொல்ல ஒரு மந்திரம் குடுங்க."

"மந்திரம் கிடக்கட்டும் அண்ணாச்சி. நாச்சிக்குத் தண்ணி வைங்க."

நாச்சி சட்டை உரிக்கிற சமயம் அது. இருந்த ஒரு கண்ணும் பால் படிந்ததுபோல வெளுத்திருந்தது. உடம்பு நன்றாக ஊற வேண்டும், இல்லாவிட்டால் பழைய தோல் காய்ந்து கண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தக் கண்ணும் போய்விடும் என்று அம்மாள் சொல்லி வைத்தார். தண்ணீரை எப்படி வைப்பது என்று நம்பிராஜன் கேட்கவில்லை. தீர்த்தம் கலந்த கைக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

பித்தளை உருளியைப் புளி போட்டுத் தேய்த்துப் பொன்னாக்கினார். கழுத்துவரை தண்ணீர் நிரப்பினார். பச்சைக் கற்பூரம், ஏலம், துளசி. மேலே ஒரு சிட்டிகை மஞ்சள். அறையே கோயில்போல மணத்தது.

நாச்சி பக்கத்தில் வந்தது. நாக்கை ஒரு தரம் நீட்டியது. விலகிப்போய் மூலையில் சுருண்டுகொண்டது.

மறுநாள் கற்பூரத்தைக் கூட்டினார். நாச்சி மூலையைவிட்டு அசையவே இல்லை. மூன்றாம் நாள் அதன் தோல் சருகுபோலச் சொரசொரத்துக் கிடந்தது. நம்பிராஜனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கையாலேயே ஒரு உயிரைக் குருடாக்கப் போகிறோமே என்று அம்மாள் முன்னால் போய் நின்றார்.

அம்மாள் வந்து பார்த்தார். உருளியை முகர்ந்தார்.

"யாருக்கு வச்சீங்க?"

"நாச்சிக்குத்தாம்மா."

"பெருமாளுக்குல்ல வச்சிருக்கீங்க."

அம்மாள் உருளியின் வழவழப்பான விளிம்பை விரலால் தடவினார். "இதுக்குள்ள இறங்கினா எப்படி ஏறி வரும்?"

கொல்லையில் கிடந்த மண் தொட்டியை எடுத்தார். பாம்பு ஏறினாலும் சாயாத கனம். வெறும் தேங்காய் நார் கொண்டு தேய்த்து மூன்று தரம் அலசினார். கிணற்றில் முதல் நாளே இறைத்து வைத்த, சில்லிப்புத் தணிந்த தண்ணீரை, சுருண்டு கிடக்கும் பாம்பின் முதுகு உயரத்துக்கு மட்டும் ஊற்றினார். பிடித்து ஏற ஒரு சொரசொரப்பான கல்லை உள்ளே வைத்தார். ஒரு கை அள்ளித் தானே முதலில் குடித்துப் பார்த்தார். தொட்டியை நிழலில் தள்ளி வைத்துவிட்டு, வாங்க என்று நம்பிராஜனையும் வெளியே கூட்டிப் போனார்.

கம்பிவலைக்கு அப்பால் நின்று நம்பிராஜன் மூச்சை அடக்கிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மூலையில் ஒரு அசைவு. நாச்சி வந்தது, முகத்தைத் தண்ணீரில் தாழ்த்தியது. அதன் தொண்டை மெல்ல மெல்ல அசைந்தது. குடித்து முடித்து, வழுக்கியபடி உள்ளே இறங்கி, முழுசாக நனைந்து சுருண்டுகொண்டது. அவர் கை தானாகக் கூப்பிக்கொண்டது. மகள் முதல் வாய்த் தண்ணீரை விழுங்கிய அன்றைக்கும் அது இப்படித்தான் கூப்பிக்கொண்டது.

அன்று முதல் அவரே தொட்டியைக் கழுவினார். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், கல்லின்மேல் முழுச் சட்டையும் கிழியாமல் கிடந்தது. அதன் தலைப்பக்கத்தில், மழைத்துளி காய்ந்ததுபோல, கண்மேல் படிந்திருந்த தோல் மூடியும் இருந்தது. நாச்சியின் கண் கருமணியாக மின்னியது. அவர் மகிழ்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார். அது அவர் பக்கம் திரும்பாமல் அறையில் கிடந்த கட்டைக்கு அடியில் போய்விட்டது. தொட்டித் தண்ணீர் முழுக்க அதன் கழிவு.

அவர் சட்டையை ஏந்திக்கொண்டு அம்மாளிடம் ஓடினார். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் சின்னக் குழந்தைபோல ஒரு குறையும் சொன்னார்.

"குடிச்சுது, குளிச்சுது, அசிங்கமும் பண்ணிட்டுப் போயிடுச்சு. திரும்பிக்கூடப் பார்க்கலைம்மா."

அம்மாள் சட்டையைக் கையில் வாங்கி, அந்தக் கண்மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க மகளுக்குத் தண்ணி புகட்டினாங்களே, அந்தம்மா பேர் என்ன அண்ணாச்சி?"

பதினெட்டு நாளும் நம்பிராஜன் அதைக் கேட்கவே இல்லை. மகள் எழுந்த சந்தோஷத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தெரியாதும்மா," என்றார். "எந்த ஊருன்னும் தெரியாது. எங்க போய்த் தேடி நன்றி சொல்லுவேன்?"

"தொட்டி அழுக்கா இருக்குன்னீங்களே," என்றார் அம்மாள்.

நம்பிராஜன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மூன்று தரம் அலசி, நேற்று இறைத்து வைத்த தண்ணீரை ஊற்றி, ஒரு கை அள்ளித் தான் முதலில் குடித்துப் பார்த்தார்.