கவிழ்த்த குடங்கள்

"நான் யாரைக் கேக்காம விட்டேன், சொல்லுங்கம்மா. வைத்தியரைக் கேட்டேன். சோசியரைக் கேட்டேன். கிணறு வெட்டுறவரைக் கேட்டேன். கதவைச் சாத்திக்கிட்டு ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுப் பொறுமையாக் கேட்டேன். மேற்குக் கிணத்துத் தண்ணியாலதான் காய்ச்சல்னு மூணு பேரும் சொன்னாங்க. கிணத்தை மூடிப் பத்து நாளாச்சு. இன்னும் சாகிறாங்களே, ஏன்?"

கேட்டவர் திருமேனியார். ஊர்த்தலைவர். வயது ஐம்பத்தெட்டு.

கேட்கப்பட்டவள் ஆற்றில் பரிசல் தள்ளும் நாச்சி. அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனம் கலங்கினால் அவர் போய் நிற்பது அவள் முன்னால்தான். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

நாச்சி பரிசலின் ஓட்டைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுல எப்படி?"



"செங்கமலம் நேத்துலேருந்து படுக்கையில கிடக்கா. ஒத்தை மக."

நாச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கேட்ட இடத்தைக் காட்டுங்க."

வீட்டுக் கூடம். மூன்று பாய்கள் விரித்தபடியே கிடந்தன.

"கதவைச் சாத்துங்க. அன்னிக்குக் கேட்ட மாதிரியே கேளுங்க."

"யாருமே இல்லையேம்மா!"

"கேளுங்க."

பைத்தியக்கார வேலை என்று நினைத்துக்கொண்டே கேட்டார். "மேற்குக் கிணறுதானே?"

வைத்தியர் உட்கார்ந்த பாயிலிருந்து பதில் வந்தது. "மேற்குக் கிணறுதான்."

சோசியர் பாயிலிருந்து வந்தது. "மேற்குக் கிணறுதான்."

மூன்றாவது பாயும் அதையே சொன்னது.



"இது யார் குரல் ஐயா?" என்றாள் நாச்சி.

பதில்கள் வந்தபோது அவர் வாயைத் திறக்கவேயில்லை. ஆனாலும் மூன்றும் அவர் குரல்தான்.

நாச்சி கதவைத் திறந்தாள். "சாவடித் திடலுக்கு ஊரைக் கூப்பிடுங்க. வீட்டுக்கொரு குடம் வரட்டும்."

*

உச்சி வெயில். யாருக்கும் நிழல் இல்லை.

திடல் முழுக்கச் சுண்ணாம்புப் பொடியால் ஊரை வரைந்திருந்தாள் நாச்சி. தெருக்கள், வீடுகள், ஏரி, இரண்டு கிணறுகள். மேற்கே இருப்பது சாயக்காரத் தெருக் கிணறு. கிழக்கே இருப்பது போன வருஷம் திருமேனியார் தன் வீட்டு வாசலில் வெட்டி ஊருக்குக் கொடுத்தது.

சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாள் குடத்தைக் கவிழ்த்து வைப்பது அந்த ஊர் வழக்கம்.

"அவங்கவங்க வீட்டு இடத்துல குடத்தை வையுங்க. சாவு விழுந்திருந்தா கவிழ்த்து வையுங்க. விழலைன்னா நிமிர்த்தி வையுங்க. யாரும் யாரையும் கேக்க வேணாம்."

வைத்தார்கள்.  

ஏரித்தண்ணி குடிக்கும் வடக்குத் தெரு முழுக்க நிமிர்ந்த குடங்கள். திருமேனியார் கிணற்றைச் சுற்றி அத்தனையும் கவிழ்ந்து கிடந்தன.

"சாயக்காரத் தெருவைப் பாருங்க, அங்கேயும் ஏழு கவிழ்ந்திருக்கு!" என்றார் திருமேனியார். தன் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "அப்போ மேற்குக் கிணறும்தானே காரணம்?"

சாயக்காரத் தெரு பொம்மக்கா நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளைக்கு முன்னால் பேரனைப் புதைத்தவள்.

"கிணத்தை மூடுற வரைக்கும் எங்க தெருவுல ஒரு சாவு இல்லை சாமி. மூடின பிறகு உங்க கிணத்துலதான் இறைக்கிறோம். வேற எங்க போவோம்?"

 அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன் என்று திருமேனியாருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். "ஐயோ, அந்தக் குடம் யார் வெச்சது?"

அது மருதவேளார் வீட்டு இடம். போன வாரம் அந்த வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லாமல் போய்விட்டது. கடைசியாகப் போனது அவருடைய ஆறு வயது மகள்.

அந்த இடத்தில் ஒரு சின்ன மண்குடம் கவிழ்ந்திருந்தது. சொட்டச் சொட்ட ஈரம்.

குடத்தின் பக்கத்தில் குழந்தைக் காலடிகள். ஈரக் காலடிகள். அந்த வெயிலிலும் காயவில்லை. திடலைத் தாண்டிக் கிழக்குத் தெருவுக்குள் போயின.

"எல்லாரும் வெச்சாச்சு. உங்க குடம்?" என்றாள் நாச்சி.

கையிலிருந்த குடத்தை அவர் பார்த்தார். நிமிர்த்தி வைப்பதா, கவிழ்ப்பதா? குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

காலடிகள் அவருக்கு முன்னால் போயின. கிணற்றடியைத் தாண்டி, வாசல்படி ஏறி, கூடத்துக் கதவுக்கு வெளியே போய் நின்றன. அங்கே ஒரே ஈரம். நெடுநேரம் யாரோ கால் மாற்றி மாற்றிக் காத்திருந்த மாதிரி.

பக்கத்து அறையில் அவர் மனைவி, மகள் செங்கமலத்தின் தலையைத் தூக்கி உதட்டில் தம்ளரை வைத்துக்கொண்டிருந்தாள்.

தட்டிவிட்டார். தம்ளர் உருண்டது.

"குடிக்காதேம்மா! அந்தத் தண்ணியக் குடிக்காதே!"

செங்கமலம் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"அந்த மூணு பேர் வந்த அன்னிக்கே கூடத்துக் கதவைத் தட்டினேன்ப்பா. நம்ம கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுன்னு சொல்லத்தான். உள்ளே முக்கியமான பேச்சு நடக்குது, அப்புறம் வான்னு சொல்லிட்டீங்க."