நின்ற பிறகும் சுழல்வது

சாவி மாரப்பனின் கையில் இருந்தது. ஆனாலும் கார் ஓடிக்கொண்டிருந்தது.

மலைப்பாதையின் இருபத்திரண்டாம் வளைவில், பட்டப்பகலில், மூடுபனிக்குள் இது நடந்தது. என்ஜின் தானாகவே வேகம் பிடித்து அலறியது. பின்னால் வெள்ளைப் புகை சுவர் மாதிரி எழும்பியது. சாவியைத் திருகிப் பார்த்தார், உருவிப் பார்த்தார், அது அடங்கவில்லை. கடைசியில் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டார். வண்டி ஒரு உதறு உதறிச் செத்தது. காலமெல்லாம் லாரி ஓட்டியவர் என்பதால் அந்த யோசனை வந்தது. இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல வேறு யாராவது பிழைத்திருக்க வேண்டும்.

பின் சீட்டில் அவருடைய மனைவி பொன்னாத்தா இருந்தாள். சிறுநீரகம் பழுதானவள். செவ்வாயும் வெள்ளியும் பொள்ளாச்சிக்கு இறங்கி, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு மலையேறி வீடு திரும்புவாள். இது நடந்த வெள்ளிக்கிழமை இறங்கிக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தவள், இனி எந்தக் காரிலும் ஏறமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பஸ்ஸில் நாற்பது வளைவை அவள் உடம்பு தாங்காது. செவ்வாய் தவறிப்போயிற்று. முகமும் காலும் வீங்கின. வரும் வெள்ளியும் தவறினால் அப்புறம் தன்னிடம் கேட்டுப் பயனில்லை என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். மாரப்பன் அழுதே விட்டார். அதைப் பார்த்துத்தான் பொன்னாத்தா கொஞ்சம் இறங்கி வந்தாள். அடிவாரத்து வாத்தியாரம்மா நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் ஏறுவதாக ஒப்புக்கொண்டாள்.

வாத்தியாரம்மா என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பெயர் செல்லாத்தாள், வயது முப்பத்தெட்டு, டீசல் என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பழுது பார்ப்பவர். தன்னைவிட மூத்த டிரைவர்களையெல்லாம் கைகட்டி நிற்கவைத்துப் பாடம் சொல்வதால் அந்தப் பட்டம். ஐம்பத்தாறு வயது மாரப்பனும் அப்படித்தான் போய் நின்றார். இரண்டு வருஷத்தில் அவருக்கு இது மூன்றாவது டர்போ. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிப் பார்த்தாயிற்று. மந்திரித்த கயிறு ஸ்டியரிங்கில் தொங்கியது.

"அம்மணி, வண்டிக்குள்ள என்னமோ இருக்குதுங்க," என்றார். "நான் நிறுத்தினாலும் அது நிக்கறதில்லீங்க. அது என்னன்னு நீங்கதான் சொல்லோணும்."

செல்லாத்தாள் சிரிக்கவில்லை. கழற்றிய டர்போவின் தண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நீளத்து எஃகு. நடுவில் சூட்டில் நீலம் பாய்ந்து, கருகிய ஆயில் அப்பிக் கிடந்தது.

"ஏனுங்ணா, நிறுத்தறதுக்கு முன்னால ஒரு ரைஸ் குடுப்பீங்களா?"

மாரப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் வண்டி ஓட்டி அந்த அம்மாள் ஒருநாளும் பார்த்ததில்லை. பழைய லாரிக்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. போய்ச் சேர்ந்ததும் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, அந்த உறுமலோடு வண்டியை அணைப்பார்கள். அடுத்த தடவை சட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்று நம்பிக்கை. அதையெல்லாம் லாரியோடு விட்டுவிட்டு வருஷம் பன்னிரண்டு ஆகிறது என்று மாரப்பன் அடித்துச் சொன்னார்.

"இது வேற சொல்லுதுங்களே," என்று செல்லாத்தாள் அந்தத் தண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

வேறு டர்போ மாட்டி வியாழக்கிழமை காலையில் மலையேறினார்கள். செல்லாத்தாள் முன்னால் உட்காரவில்லை. பொன்னாத்தா உட்காரும் பின் சீட்டில், அவள் சாயும் அதே மூலையில் உட்கார்ந்துகொண்டார். மாரப்பன் வழியெல்லாம் கண்ணாடியில் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

உச்சியில் பனி ரோட்டை மூடியிருந்தது. என்ஜின் ஓட ஓட நியூட்ரலில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடச் சொன்னார் செல்லாத்தாள். இறங்கிப் போய் பானட்டைத் திறந்து, டர்போவுக்குக் காற்றுப் போகும் குழாயைக் கழற்றினார். பிறகு கையசைத்தார். மாரப்பன் என்ஜினை அணைத்தார். ஒரு உறுமல் கேட்டு அடங்கியது.

பின்னால் எந்த வண்டிக்காரன் ரைஸ் கொடுக்கிறான் என்று மாரப்பன் திரும்பிப் பார்த்தார். பனியைத் தவிர ரோட்டில் ஒன்றும் இல்லை.

செல்லாத்தாள் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குனியச் சொன்னார். குழாய் கழற்றிய வாய்க்குள் ஒரு சின்னச் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவது மாதிரி மெல்லிய ஊதல். என்ஜின் செத்துவிட்டது, சாவி சட்டைப்பையில் இருக்கிறது, இது மட்டும் ஓயவில்லை.

"இது ஆயில்ல மிதந்து சுத்தற சாமானுங்ணா. என்ஜின் நின்னா ஆயில் நின்னுபோகும். இது நிக்காது. மலையேறின சூட்டோட, நீங்க ரைஸ் குடுத்த வேகத்தோட, வெறும் வயித்துல சுத்தும். தேஞ்சு தேஞ்சு ஒரு நாள் ஆயிலை என்ஜினுக்குள்ளயே கக்கும். அதை டீசல் மாதிரி குடிச்சுட்டுத்தான் அன்னைக்கு உங்க வண்டி சாவி இல்லாம ஓடுச்சு."

"அப்ப பேய் ஒண்ணும் இல்லீங்களா?"

செல்லாத்தாள் குழாயை மாட்டிவிட்டு வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பையிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து, குனிந்து, ஆக்சிலேட்டருக்கு அடியில் செருகினார். இரண்டு நிமிஷம் வண்டி அப்படியே ஓடட்டும், சூடும் வேகமும் இறங்கட்டும், காலைத் தரையில் வைத்திருங்கள், அப்புறம் அணையுங்கள் என்றார். இது என்ன பெரிய வித்தை என்று மாரப்பன் நினைத்துக்கொண்டார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை தானாகச் சாவிக்குப் போனது. வண்டி உறுமி அடங்கியது.

தீப்பெட்டி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"நான் அழுத்தலீங்க அம்மணி. பொன்னாத்தா மேல சத்தியமா நான் அழுத்தல."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. ரப்பர் செருப்புக்குள் இருந்த தன் வலது காலை, யாரோ வண்டியில் மறந்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி," என்று செல்லாத்தாள் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

மாரப்பன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் போயிற்று. கைக்கு அடியில் சதை உந்தியது. அவர் அமுக்கினார், அது மறுபடியும் உந்தியது. இரண்டு நிமிஷம் இவ்வளவு நீளமா என்று இருந்தது அவருக்கு. வியர்த்துக் கொட்டியது. பின்னாலிருந்து அணைக்கச் சொன்ன குரல் வந்தபிறகு, ஒரு கையை மட்டும் எடுத்துச் சாவியைத் திருகினார். உறுமல் இல்லை. வண்டி சத்தமில்லாமல் நின்றது.

மாரப்பனுக்கு உயிர் வந்தது. வீடு பக்கத்தில்தான், ஒரு எட்டு வந்துவிட்டுப் போகலாம் என்றார்.

"வண்டியை நம்பி ஏறலாம்னு பொன்னாத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்."

"வண்டியை நம்பி ஏறலாம்னு சொல்றனுங்ணா," என்றார் செல்லாத்தாள். "ஓட்டறது யாருன்னு அவங்க கேட்டா, யாருன்னு சொல்லட்டும்?"

மாரப்பன் முழங்காலைப் பிடித்திருந்த கையை இன்னும் எடுக்கவில்லை.